தெற்கே 6

எங்கள் ஊர் ஆற்றுக்கு நீவா என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது 'நீ வா' என்று யாரையோ கூப்பிடுவது போலக் கேட்கும். தெலுங்குக் காதுக்கு 'நீதானா?' என்று விசாரிப்பது போல இருக்கும். வடகரையில் தமிழும் தென்கரையில் தெலுங்குமாக வாழ்கிற எங்களுக்கு இந்த வேடிக்கை சின்ன வயதிலிருந்தே பழக்கம். கூப்பிட்டால் வராது, வந்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது, அப்படி ஓர் ஆறு. அதில் தண்ணீர் ஓடி நான் பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாட்களில் மணல், கோரைப்புல், சீமைக்கருவேல முள், செம்மறியாடுகள், ஞாயிற்றுக்கிழமை மதியமானால் கிரிக்கெட்.

கங்காதர நெல்லூருக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் எங்கள் காலனி. மிஷன் காலத்தில் குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள். நாங்கள் கோயில் என்று சொல்கிற ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், கடைசியில் ஆற்றை ஒட்டிக் கல்லறைத் தோட்டம். எதிர்க்கரையில் கரும்பும் மாந்தோப்பும் கறவை மாடுமாகத் தெலுங்கு விவசாயிகள். நான் இப்போது இருப்பது திருச்சானூரில், வேலை திருப்பதியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சனிக்கிழமை வந்தால் சித்தூர் பஸ் ஏறி நைனாவை, அதாவது அப்பாவை, பார்க்க வந்துவிடுவேன். நைனாவுக்கு எண்பத்திரண்டு வயது. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டுக்குள் நடக்கும்போதுகூட நம்மை 'உள்ள போ, உள்ள போ' என்றுதான் சொல்வார்.

அம்மாவுக்கு அந்த ஆற்றைக் கண்டால் பயம். அவள் நகரிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்ததாம். ஒரு வைக்கோல்போர் அப்படியே மிதந்து போனதாம், அதன் உச்சியில் ஒரு கோழி நின்றுகொண்டிருந்ததாம். அந்தக் கோழி தன்னைப் பார்த்தது என்று சாகும்வரை சொன்னாள். அதற்குப் பிறகு, பஸ் பிடிக்க ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போகும் போதெல்லாம் நைனா மேற்குப் பக்கமாக நடக்க வேண்டும், அவள் கிழக்குப் பக்கமாக வருவாள். மேற்கிலிருந்துதானே தண்ணீர் வரும்? வந்தால் முதலில் அவர்மேல் படட்டும் என்பது அவள் ஏற்பாடு. சித்திரை வெயிலில், செருப்புக்குள் மணல் சுட, தோளில் டிக்கெட் பையோடு நைனா மேற்குப் பக்கமாகவே நாற்பது வருஷம் நடந்தார். பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது நான்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் அம்மா போய்விட்டாள். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கு இஷ்டப்பட்ட இடம் கிடையாது, வரிசைப்படிதான். வரிசை கோயில் பக்கத்திலிருந்து தொடங்கித் தெற்கே ஆற்றை நோக்கி இறங்கும். அம்மாவின் முறை வந்தபோது அந்த வரிசையில் மிச்சமிருந்தவை இரண்டே இடங்கள். அவளை வைத்தது போக அவளுக்குத் தெற்கே ஓர் ஆள் படுக்கும் இடம், அதற்கப்புறம் கரை, அதற்கப்புறம் ஆறு. நைனா அடக்கத்தன்றே, மண் போடுவதற்கு முன், கோயில் கமிட்டி செயலாளரைத் தனியே கூப்பிட்டு அந்த இடம் தனக்கு என்று சொல்லிவிட்டார்.

"தண்ணி வந்தா மொதல்ல என் மேல படட்டும். அவகிட்ட சொல்லிக்கீறேன்" என்றார்.

கமிட்டியும் மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டது. ஆனாலும் நைனாவுக்கு நம்பிக்கை இல்லை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிறவர்களோடு முப்பது வருஷம் சண்டை போட்ட மனுஷன், தன்னுடைய ஆரஞ்சுக் கரை போட்ட துண்டைக் கொண்டுபோய் அம்மாவுக்குப் பக்கத்தில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு வந்தார். மாதம் ஒருமுறை அதைத் துவைத்துத் திரும்பப் போடுவார். துவைக்கிற நாளில் மட்டும், அது காய்கிற வரைக்கும், தானே அங்கே போய் நிற்பார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நிலங்களையெல்லாம் மறுபடி அளக்கிறோம் என்று ஆட்கள் வந்தார்கள். தலைக்கு மேல் ட்ரோன் பறந்தது. காலனிப் பெண்கள் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை அவசரமாக எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் நிலத்தைப் பற்றிய காகிதம் வந்தது. கோயில் பெயருக்கு வந்த காகிதத்தில் கல்லறைத் தோட்டத்தின் நாலு எல்லைகளும் தெலுங்கில் இருந்தன. வடக்கே கோயில், கிழக்கே பாதை, மேற்கே புளியந்தோப்பு. தெற்கே 6.

பாஸ்டர் ஐயா அதை மூன்று முறை படித்துவிட்டு, கணக்கு டீச்சர் என்பதால் என்னிடம் கொடுத்தார். எனக்கு அரை நிமிஷத்தில் விளங்கிவிட்டது, விளங்கியதும் கோபம் வந்தது. பழைய காலத்தில் எங்கள் ஆள் ஒருவர், எழுதுகிறவர் கேட்டபோது 'தெற்கால ஆறு' என்று தமிழில் சொல்லியிருக்கிறார். எழுதியவர் தெலுங்குக்காரர், காதில் விழுந்ததை அப்படியே தெலுங்கு எழுத்தில் 'ஆரு' என்று எழுதிவிட்டார். தெலுங்கில் ஆரு என்றால் எண் ஆறுதான், நதிக்கு அங்கே ஏரு என்று வேறு சொல். கையெழுத்துப் புத்தகத்தில் இருந்தவரை அது யாருக்கும் தொந்தரவு செய்யவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றியவர் சொல்லை எண்ணாக்கிவிட்டார். நீவா நதி முழுவதும், தோன்றிய இடத்திலிருந்து சேர்கிற இடம் வரை, ஒற்றை இலக்கமாகிவிட்டது.

அது அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எங்கள் கிராம சச்சிவாலயத்தில், அதாவது ஊர் ஆபீஸில், இருந்த சர்வேயர் நல்ல பையன். இருபத்தைந்து வயதுதான் இருக்கும், எல்லோருக்கும் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவான். அவன் பொறுமையாக விளக்கினான். தெற்கே 6 என்றால் தெற்கே ஆறாம் சர்வே நம்பர் இருக்க வேண்டும். ஆறாம் நம்பர் இருப்பது ஆற்றங்கரையில் அல்ல, மெயின் ரோட்டில். அதற்கு நேர் வடக்கே இருப்பது பால் சென்டர். ஆகவே கம்ப்யூட்டர் கணக்குப்படி எங்கள் பெரியவர்கள் எல்லோரும் பால் சென்டருக்கு அடியில் இருக்கிறார்கள். நாங்கள் கல்லறைத் தோட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் எதுவும் இல்லை, அது அரசாங்கத்துத் தரிசு. திருத்தம் ஆகும்வரை அங்கே புதிதாக யாரையும் அடக்கம் செய்யக் கூடாது.

நைனா தெலுங்கில், தன் மனைவி ஆயுசு முழுக்கப் பால் குடித்ததே இல்லை என்று அவனுக்குத் தெரிவித்தார். பிறகு, திருத்தம் ஆகும்வரை நான் சாகப்போவதில்லை, எழுதிக்கொள் என்றும் சொன்னார். பையன் பயந்துபோய் எழுதியே கொண்டான்.

சொன்னதைச் செய்கிற ஆள் அவர். பிரஷர் மாத்திரையை இருபது வருஷமாக ஒளித்துவைத்து ஏமாற்றியவர், மணி அடித்தமாதிரி சாப்பிட ஆரம்பித்தார். கருவாட்டை விட்டார். மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டியிருந்தால், லாரி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தால்கூட நின்றுவிடுவார். காலனியே அந்த மாதங்களில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தது. தொண்ணூறு தாண்டிய ஒரு அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். கமிட்டியார் நாலு பேர் போய் ஜெபம் பண்ணிவிட்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்த அம்மா கோபத்தில் எழுந்து உட்கார்ந்தவர்தான், மறுவாரம் கோயிலுக்கே வந்துவிட்டார்.

திருத்த மனுவை நான் தெலுங்கில் எழுதினேன். நதி என்று எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். புத்திசாலித்தனமாக, ஆரு அல்ல ஏரு, என்று எழுதினேன். ஆபீஸில் டைப் அடித்தவர் இங்கிலீஷ் எழுத்தில் 'ஏர்' வரை அடித்ததும் கம்ப்யூட்டர் தானாகவே ஏர்பேடு என்று காட்டியது. அவரும் நன்றாகப் போச்சு என்று அதையே அமுக்கிவிட்டார். பத்து நாள் கழித்து, என் மனு ஏர்பேட்டில் பரிசீலனையில் இருப்பதாக எனக்கு மெசேஜ் வந்தது. ஏர்பேடு எங்கே, எங்கள் ஊர் எங்கே. ஜில்லாவே வேறு.

லீவு போட்டுவிட்டு ரேணிகுண்டா வழியாக ஏர்பேடு போனேன். அங்கே ஆபீஸில் இருந்த அதிகாரி அம்மா ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார். டீ வரவழைத்தார். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, தங்களுக்கும் சொர்ணமுகி என்று ஒரு நதி இருக்கிறது, அதிலும் தண்ணீர் கிடையாது, என்னுடைய சங்கடம் தனக்குப் புரிகிறது என்றார். ஆனால் தன்னிடம் வந்த மனுவுக்குத் தான் பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னார். எழுதினார். 'மனுதாரர் குறிப்பிடும் கல்லறைத் தோட்டம் எங்கள் எல்லைக்குள் இல்லை.' அதை நைனாவிடம் படித்துக் காட்டினேன். உண்மையைத்தானே எழுதியிருக்கிறார்கள் என்றார். இந்த விவகாரத்தில் வந்த காகிதங்களிலேயே அது ஒன்றுதான் உண்மை என்று எடுத்துப் பத்திரப்படுத்தினார்.

இரண்டாவது மனுவுக்குப் பிறகு சர்வேயர் பையன் நேரிலேயே பார்க்க வந்தான். வந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். அவன் போனில் ஒரு பட்டியல் இருந்தது: ஏரி, கால்வாய், ஓடை, நதி, காலி இடம், விளையாட்டு மைதானம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்குப் போட்டோ ஆதாரம் வேண்டும், மேலே இருப்பவர்கள் பார்ப்பார்கள். பையன் கரையில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தான். போட்டோவில் ஸ்டம்பு தெரிந்தது, பிட்ச் தெரிந்தது, அம்பயர் தெரிந்தார். நதியை எடுக்கச் சொன்னோம். இதுதான் நதி என்றோம். அவன் சங்கடத்தோடு நைனாவைப் பார்த்து, பெத்தாயனா, அதாவது பெரியவரே, என் கண்ணுக்கு கிரௌண்டுதான் தெரிகிறது என்றான். விளையாடிக்கொண்டிருந்த வாலிபர்கள் உதவிக்கு வந்தார்கள். பந்து கல்லறைத் தோட்டத்துக்குள் விழுந்தால் சிக்ஸ் என்று எங்கள் ஊர் ரூல். அதைச் சொன்னார்கள். பையன் முகம் மலர்ந்துவிட்டது, தெற்கே 6 என்பதற்கு ஒருவழியாக அர்த்தம் கிடைத்துவிட்டது என்று நினைத்தான். நைனா அந்த வாலிபர்களைத் துரத்திக்கொண்டு மிட்விக்கெட் வரை போனார். எண்பத்திரண்டு வயதில் ஓடக் கூடாது என்று நினைவு வந்ததும் நின்று, நாடி பார்த்துக்கொண்டு, மெதுவாகத் திரும்பி வந்தார்.

அக்கரைக்காரர்கள் எங்கள் கோயில் விஷயத்தில் தலையிடுகிறவர்கள் இல்லை. ஆனால் சத்தம் கேட்டு அன்று நாலைந்து பேர் மணலைத் தாண்டி வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர்களில் மீசைக்காரரான ஒரு பெரிய விவசாயி யோசனையில் ஆழ்ந்துவிட்டார்.

"ஏரு லேகபோதே மனம் பக்கிண்டோள்ளம் அயிபோதாம் கதா" என்றார். நதி இல்லையென்றால் நாமெல்லாம் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஆகிவிடுவோமே என்று பொருள்.

அது எங்கள் இரண்டு பக்கத்துக்கும் அதுவரை தோன்றாத ஆபத்து. அவர்கள் மாடு எங்கள் வேலியிலும் எங்கள் ஒலிபெருக்கி அவர்கள் தூக்கத்திலும் வந்து விழாமல் இத்தனை காலம் காப்பாற்றியது நடுவில் இருக்கிற அந்த ஆறுதான். இரண்டு கரையும் சேர்ந்து நின்றது எனக்கு நினைவு தெரிந்து அன்றுதான் முதல் தடவை. விவசாயி தன் தோட்டத்துத் தண்ணீர் டேங்கரை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். பிட்ச்சுக்குப் பக்கத்தில் பள்ளமான இடமாகப் பார்த்துத் திறந்துவிட்டார்கள். பையன் போனோடு ஓடினான். மணல் அந்தத் தண்ணீரைக் குடித்த வேகத்தைப் பார்க்க வேண்டும். மிச்சத்தைச் செம்மறியாடுகள் குடித்தன. கடைசியில் விழுந்த ஒரே போட்டோவில் கொஞ்சம் ஈரமும் டேங்கரின் பின்பக்கமும் ஒரு கிடாவின் முகமும் இருந்தன. பையன் மனசாட்சியைக் கழற்றிவைத்துவிட்டு அதை நதி என்று அனுப்பினான். குடிநீர் விநியோகம் பற்றிய மனுவை வேறு பிரிவுக்கு அனுப்பவும் என்று மேலேயிருந்து திரும்பி வந்தது.

அந்த நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் மூன்று நாள். பள்ளிக்கு லீவு விட்டதால் நான் ஊரில்தான் இருந்தேன். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மேற்கே லாரிகள் வரிசையாக வருகிற மாதிரி சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் நீவா வந்துகொண்டிருந்தது. செம்மண் நிறத்தில், கரைக்குக் கரை, முள்மரங்களை வேரோடு உருட்டிக்கொண்டு. பிளாஸ்டிக் குடங்கள் போயின, ஒரு முழுத் தென்னைமரம் போயிற்று, யாருடைய வீட்டுக் கக்கூஸ் கதவோ நிமிர்ந்தபடியே போயிற்று. இரண்டு கரையிலும் ஜனங்கள் குடையோடு நின்று கைதட்டினார்கள். அக்கரையிலிருந்து மீசைக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து ஏதோ கத்தினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் சந்தோஷம் என்பது தெரிந்தது.

சர்வேயர் பையன் ரெயின்கோட்டில் பைக்கைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். எங்களைவிட அவனுக்குத்தான் அதிக மகிழ்ச்சி. கோயில் படியிலேயே நின்று போட்டோ எடுத்தான், பட்டியலில் நதி என்பதை அமுக்கினான், அனுப்பினான். அரை மணியில் மேலேயிருந்து ஒப்புதல் வந்ததும் என் நைனாவிடம் போனைக் காட்டினான். தெற்கு எல்லையில் 6 போய், 'நீவா நதி' என்று வந்திருந்தது. நைனா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். பாஸ்டர் ஐயா ஸ்தோத்திரம் என்றார். நைனா அன்று இனிமேல் சாகலாம் என்கிற முகத்தோடு இருந்தார். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் அழுகையாகவும் வந்தது.

அப்போதுதான் தோட்டத்தின் தென்பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். பெரிதாக ஒன்றும் இல்லை, அரிசி மூட்டையை இறக்கினால் வருகிற அளவுதான். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கரையில் ஒரு நீளத் துண்டு கழன்று தண்ணீருக்குள் உட்கார்ந்தது. நைனா விரித்திருந்த துண்டும் நாலு கல்லும் அதோடு போய்விட்டன. அம்மாவின் சிலுவை மட்டும் நின்றது. அதற்குத் தெற்கே தண்ணீர்தான் இருந்தது.

நைனா ஓடினார். எத்தனை பேர் பிடித்தும் நிற்கவில்லை, நாடியெல்லாம் பார்க்கவில்லை. கடைசியில் நானும் செயலாளரும் இடுப்பைச் சுற்றிக் கட்டிப்பிடித்து நிறுத்தினோம். அவர் என்னைத் திட்டினார். தண்ணீர் அவளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, நடுவில் யாரும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் நாற்பது வருஷமாகச் சொன்னது சரியாக இருந்தது. சிரித்த எங்கள் அத்தனை பேரையும், முக்கியமாக என்னை, அன்றைக்கு எனக்கே பிடிக்கவில்லை.

இரண்டு நாளில் தண்ணீர் வடிந்தது. கமிட்டி கூடியது. கரைக்குக் கல் அடுக்கிக் கட்டுவது என்று முடிவானது. நைனாவுக்கு வடக்கே, கோயிலை ஒட்டி, புது வரிசையில் முதல் இடம் தருவதாகச் சொன்னார்கள். நல்ல மேட்டு இடம், நிழல்கூட உண்டு. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுந்து தோட்டத்துக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன்.

அம்மாவின் கல்லறைக்கும் கரை இடிந்த விளிம்புக்கும் நடுவே மிச்சமிருந்த மண்ணைக் குனிந்து சாண் போட்டு அளந்தார். இரண்டரைச் சாண் இருந்தது. ஓர் ஆளைப் புதைக்க அது காணாது. அளந்துவிட்டு நிமிர்ந்தார். பிறகு கோயிலிலிருந்து ஒரு நாற்காலி எடுத்துவரச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

"படுக்கத்தான் பத்தாது. குந்திக்கினு இருக்க பத்தும்."

பிளாஸ்டிக் நாற்காலியை அந்த இடத்தில் குறுக்காகப் போட்டு, மேற்கே பார்த்து உட்கார்ந்தார். ஆற்றுப் பக்கம் இருந்த இரண்டு கால்களும் ஈரமண்ணில் இறங்கின. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.